துப்பாக்கியோடு வீடு மாறுதல்: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமும் மாநில எல்லையும்

1. ஆய்வுப் பொருள்

டெக்சஸில் பல ஆண்டுகள் குடியிருந்த ஒருவர் வேலை மாற்றலாகி நியூ ஜெர்சிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டில், சோபா, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் லாரியில் ஏறுகின்றன. அலமாரியில் பூட்டி வைத்திருந்தவை மிச்சம்: ஒரு கைத்துப்பாக்கி, வேட்டைக்கு வாங்கிய ரைஃபிள், அதன் முனையில் திருகி மாட்டும் சைலன்சர். மூன்றும் முறைப்படி வாங்கியவை. சைலன்சர் கூட்டாட்சி அரசின் பதிவேட்டிலும் ஏறியிருக்கிறது. ஆனால் நியூ ஜெர்சி எல்லையைத் தாண்டிய நொடியில் சைலன்சர் குற்றப்பொருளாகிவிடும். கைத்துப்பாக்கி அது இருக்கும் இடத்தைப் பொறுத்துக் குற்றமாகலாம், ஆகாமலும் போகலாம். ரைஃபிளைப் பற்றிச் சொல்ல அதன் மாதிரியும் அமைப்பும் தெரிய வேண்டும்.

இப்படிப்பட்டவரின் சட்ட நிலை என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. துப்பாக்கி உரிமை நல்லதா கெட்டதா என்ற வழக்கமான வாதத்துக்குள் நான் போகவில்லை. நான் நிறுவ முயல்வது ஒன்றுதான். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியோடு ஒரு மாநிலத்தைக் கடந்து போகிறவருக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது. அங்கேயே குடியேற வருகிறவரை மாநிலத்தின் கையில் விட்டுவிடுகிறது. இந்த வேறுபாடு புரியாதவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் பலர் சட்டத்தை மதிக்கிறவர்கள், காகிதங்களை ஒழுங்காக வைத்திருப்பவர்கள்.

2. அதிகாரம் யாரிடம்

இந்திய வாசகருக்கு இது சற்று விநோதமாகத் தோன்றும். நம் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் ஐந்தாவது இனமாக ஆயுதங்களும் வெடிபொருள்களும் உள்ளன. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் ஒன்றே. அமெரிக்க அரசமைப்பில் அப்படி ஓர் இனம் இல்லை. 1791 இல் ஏற்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிறது. எந்த ஆயுதம், யார், எங்கே என்பதைச் சொல்லவில்லை. கூட்டாட்சி அரசு தனக்குள்ள வரி விதிக்கும் அதிகாரத்தையும் மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையும் கொண்டே துப்பாக்கிச் சட்டங்களை இயற்றியிருக்கிறது. மற்றதெல்லாம் மாநிலங்களின் பாடு.

2008 இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டாம் திருத்தம் சொல்வதைத் தனிமனித உரிமை என்றது. 2010 இல் மெக்டொனால்ட் வழக்கில் மாநிலங்களையும் அது கட்டுப்படுத்தும் என்றது. 2022 இல் புரூயன் வழக்கு, துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலைத் தந்தது. இந்த மூன்றையும் படித்துவிட்டு ‘இனி மாநிலச் சட்டங்கள் சரிந்துவிடும்’ என்று நம்பி மூட்டை கட்டுகிறவர்கள் உண்டு. மேரிலாந்தின் தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை நான்காம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 இல் உறுதி செய்தது. அதை விசாரிக்க 2025 இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கலிஃபோர்னியாவின் மேகசின் (துப்பாக்கியில் செருகும் தோட்டா அடுக்கு) தடையை ஒன்பதாம் சர்க்யூட் 2025 இல் நிலைநிறுத்தியது. நிலுவையிலுள்ள வழக்கை நம்பித் துப்பாக்கியை லாரியில் ஏற்றுவது, தீர்ப்பு வரும்வரை சிறையில் காத்திருக்கத் தயார் என்று சொல்வதற்குச் சமம்.

மாநிலங்களுக்கிடையே உள்ள தூரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஹவாயில் துப்பாக்கியைக் காவல்துறையில் பதியாமல் வைத்திருப்பது குற்றம். ஃபுளோரிடாவில் அரசு அலுவலர் ஒருவர் துப்பாக்கி உரிமையாளர்களின் பதிவேட்டைப் பராமரித்தால் அது குற்றம். ஒரே நாட்டுக் கொடியின் கீழ் இரண்டும் நடக்கின்றன.

இங்கே ஒரு குழப்பத்தையும் ஒதுக்கிவிடலாம். மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் வேறு, உடைமை வேறு. 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகி நடக்க எந்த உரிமமும் வேண்டாம். டெக்சஸ் உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன, நியூ ஜெர்சி ஏற்பதில்லை. ஏற்கும் மாநிலத்திலும் அந்த உரிமம் தடைசெய்யப்பட்ட மேகசினையோ சைலன்சரையோ காப்பாற்றாது.

3. பதிவுக்குட்பட்ட ஆயுதங்கள்

3.1 1934 ஆம் ஆண்டுச் சட்டம்

மதுவிலக்குக் காலத்துக் கும்பல் சண்டைகளின் பின்னணியில், ரூஸ்வெல்ட் ஆட்சியில் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. மெஷின் கன், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ஷாட்கன், சைலன்சர், கையெறிகுண்டு போன்ற நாசகாரக் கருவிகள், பேனா வடிவத் துப்பாக்கி போன்ற ‘இதர ஆயுதங்கள்’ ஆகியவை இன்று இதற்குள் வருகின்றன. இவற்றைத் தடை செய்யவில்லை. பதிவு செய்யச் சொல்லி, கைமாறும் ஒவ்வொரு முறையும் 200 டாலர் வரி கேட்டார்கள். அன்றைக்குப் புதிய தாம்சன் சப்மெஷின் கன்னின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். வரி என்ற பெயரில் கதவைச் சாத்தினார்கள் என்பதே உண்மை.

குழல் நீளம் ஏன் இதில் நுழைந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. அவற்றைக் கட்டுப்படுத்தினால் மக்கள் ரைஃபிளை அறுத்துக் கைத்துப்பாக்கியாக்கிவிடுவார்கள் என்று அஞ்சி நீளக் கணக்கைச் சேர்த்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் கைத்துப்பாக்கிகளை வரைவிலிருந்து நீக்கினார்கள், நீளக் கணக்கு மட்டும் தங்கிவிட்டது. விளைவாக, நான்கு அங்குலக் குழல் கொண்ட கைத்துப்பாக்கிக்குக் கூட்டாட்சிப் பதிவு வேண்டாம். பதினைந்தரை அங்குலக் குழல் கொண்ட ரைஃபிளைப் பதியாமல் வைத்திருந்தால் பத்தாண்டுவரை சிறை. சட்டம் தன் காரணத்தை இழந்த பிறகும் உயிரோடிருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

3.2 எல்லை தாண்டிய ஷாட்கன்

இந்தச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம்வரை போன புகழ்பெற்ற வழக்கு ஒன்றே எல்லை தாண்டிய வழக்குதான். 1938 ஏப்ரலில் ஓக்லஹோமாவின் கிளேர்மோர் ஊரிலிருந்து ஆர்க்கன்சாவின் சைலோம் ஸ்பிரிங்ஸுக்கு இருவர் இரட்டைக்குழல் ஸ்டீவன்ஸ் ஷாட்கன் ஒன்றைக் கொண்டு போனார்கள். குழல் 18 அங்குலத்துக்குக் குறைவு, பதிவும் இல்லை, வரி முத்திரையும் இல்லை. கீழ் நீதிமன்றம் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனபோது எதிர்த்தரப்பில் வாதாட யாருமே வரவில்லை. மில்லர் வழக்கு எனப்படும் இதில் 1939 மே 15 அன்று அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தபோது, அந்த இருவரில் ஒருவரான மில்லர் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு மாதத்துக்கும் மேலாகியிருந்தது. ஒரு தரப்பு வாதத்தை மட்டும் கேட்டு எழுதிய இந்தத் தீர்ப்பு, இரண்டாம் திருத்தத்தைப் பற்றிய முதன்மைத் தீர்ப்பாக ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நின்றது.

3.3 பின்வந்த மாற்றங்கள்

1986 மே 19 அன்று ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், அந்த நாளுக்குப் பிறகு தயாரான மெஷின் கன் எதுவும் பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்றது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம், சைலன்சருக்கும் குட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கும் ‘இதர ஆயுதங்களுக்கும்’ இருந்த வரியை 2026 ஜனவரி 1 முதல் சுழியமாக்கியது. மெஷின் கன்னுக்கும் நாசகாரக் கருவிக்கும் வரி தொடர்கிறது. வரி போனதால் பதிவும் போய்விட்டது என்று துப்பாக்கிக் கடை வாசல்களில் பேசிக்கொள்கிறார்கள். பதிவு அப்படியே இருக்கிறது. மாநிலத் தடைகளையும் இது தொடவில்லை. டெலவேர், ஹவாய், இல்லினாய், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், மாசச்சூசெட்ஸ், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் சாதாரணக் குடிமகன் சைலன்சர் வைத்திருக்க முடியாது.

4. படிவம் 5320.20

மெஷின் கன், குட்டைக்குழல் ரைஃபிள், குட்டைக்குழல் ஷாட்கன், நாசகாரக் கருவி ஆகிய நான்கையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும் என்று 1968 ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள்களைக் கவனிக்கும் ஏ.டி.எஃப். அமைப்பிடம் 5320.20 என்ற படிவத்தில் கேட்க வேண்டும். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த நாள், எந்த வாகனம், துப்பாக்கியின் வரிசை எண் என்ன என்பதையெல்லாம் எழுதி, இது சேருமிடத்துச் சட்டத்துக்கு முரணானதல்ல என்று உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். ஒப்புதல் வந்தபின் அதன் நகலைத் துப்பாக்கியோடு வைத்திருப்பது வழக்கம். வார இறுதிப் போட்டிக்குப் போனாலும் இதே படிவம், நிரந்தரமாகக் குடிபெயர்ந்தாலும் இதே படிவம்.

அந்த உறுதிமொழிதான் படிவத்தின் உண்மையான பயன் என்பது என் கருத்து. அதை எழுதும்போதாவது மனிதர் சேருமிடத்துச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கிறார். தடை உள்ள மாநிலமென்றால் ஒப்புதல் கிடைக்காது. லாரி புறப்படும் முன்பே சிக்கல் தெரிந்துவிடும்.

இப்போது அந்தப் பட்டியலை மறுபடி பார்க்க வேண்டும். அதில் சைலன்சர் இல்லை. ‘இதர ஆயுதங்களும்’ இல்லை. 1934 சட்டத்தின் கீழ்ப் பதிவான பொருள்களில் மக்களிடையே மிகப் பரவலானவற்றுள் ஒன்று சைலன்சர். அதுதான் எந்தப் படிவமும் இல்லாமல் எல்லை தாண்டுகிறது. யாரையும் கேட்க வேண்டாம் என்ற சலுகை கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் கேட்க ஆளில்லாததால் எச்சரிக்கவும் ஆளில்லை. டெக்சஸில் கூட்டாட்சிப் பதிவோடு வைத்திருந்த சைலன்சரை நியூ ஜெர்சி வீட்டின் நிலவறையில் இறக்கி வைத்தவர், அந்த மாநிலச் சட்டப்படி நான்காம் நிலைக் குற்றம் செய்தவராகிறார். அதற்குப் பதினெட்டு மாதம்வரை சிறை. கூட்டாட்சிப் பதிவுக் காகிதம் அங்கே பாதுகாப்பாகாது. பொருள் தன்னுடையதே என்பதற்கு அதுவே சாட்சியாகவும் அமையும்.

சுமை வண்டிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கியை மூவர்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்து மாநிலம் தாண்ட அனுப்பினால், உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று எழுத்து மூலம் தெரிவிப்பது கூட்டாட்சிச் சட்டப்படி கட்டாயம். போர்வைக்குள் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டு ‘சமையல் சாமான்’ என்று எழுதிவிடுவது தனிக் குற்றம். தோட்டாக்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றவே மாட்டா.

5. வழிப் பாதுகாப்பு: 926ஏ பிரிவு

5.1 பிரிவு சொல்வது

1986 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த முக்கியமான சலுகை 926ஏ பிரிவு. துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமையுள்ள ஓரிடத்திலிருந்து, அதே உரிமையுள்ள இன்னோரிடத்துக்குப் போகிறவரை இடையிலுள்ள மாநிலம் தடுக்க முடியாது. தோட்டா நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து எளிதில் எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். டாஷ்போர்டு அறை பூட்டிய பெட்டியாகக் கணக்கில் வராது.

இரண்டு முனையிலும் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. ஓஹையோவிலிருந்து மேய்னுக்குப் போகிறவருக்கு நியூயார்க்கைக் கடக்கும்போது இது உதவும். ஓஹையோவிலிருந்து நியூயார்க்குக்கே குடிபெயர்கிறவரிடம் நியூயார்க் உரிமம் இல்லையென்றால் அவருடைய பயணத்தின் மறுமுனையே சட்டவிரோதம்; பிரிவு தொடக்கத்திலிருந்தே அவருக்குப் பொருந்தாது.

5.2 நூவர்க்கில் ஓர் இரவு

இரு முனையிலும் உரிமையிருந்தும் பிரிவு கைவிட்ட கதை ஒன்று உண்டு. 2005 இல் யூட்டா மாநிலத்தவர் ஒருவர் சால்ட் லேக் சிட்டியிலிருந்து மினியாபொலிஸ், நூவர்க் வழியாகப் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் புறப்பட்டார். கைத்துப்பாக்கியை முறைப்படி அறிவித்து, பூட்டிய பெட்டியில் வைத்துச் சரக்குப் பகுதியில் ஒப்படைத்திருந்தார். விமானம் தாமதமாகி நூவர்க்கில் அடுத்த விமானம் தவறிவிட்டது. பதிலுக்கு ஏற்பாடான பேருந்தில் ஏறியபின் தன் பெட்டி அதில் இல்லையென்று தெரிந்து இறங்கினார். பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் பேருந்து போய்விட்டது. பெட்டியோடு விமான நிலைய விடுதியில் இரவைக் கழித்தார். மறுநாள் காலை மறுபடி விமான நிலையம் வந்து, பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே அறிவித்தார். உரிமமில்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகவும், நியூ ஜெர்சி தடை செய்துள்ள குழிமுனைத் தோட்டா வைத்திருந்ததாகவும் கைது செய்யப்பட்டார்.

குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 2010 இல் மூன்றாம் சர்க்யூட் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விடுதி அறையில் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஆகவே அந்த இரவில் 926ஏ பாதுகாப்பு இல்லை என்பதே காரணம். தவறு அவருடையதல்ல என்று நீதிமன்றமே உணர்ந்திருந்தது. பெட்டியைக் கையில் வாங்கும் முன்பே விமான நிலையக் காவலரிடம் சொல்லி உதவி கேட்டிருக்கலாம் என்று ஒரு வழியையும் சுட்டிக்காட்டியது. 2013 இல் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், இந்தப் பிரிவு வாகனத்தில் கொண்டுபோவதை மட்டுமே காக்கிறது என்றது. 2010 இல் நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் சர்க்யூட், பிரிவை மீறிக் கைது செய்தாலும் அதற்காகக் காவலர்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்று தீர்த்தது.

எழுத்தளவில் நூவர்க் பயணிக்கு எதிரான தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பாதுகாக்க நினைத்தது இப்படிப்பட்ட பயணியைத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. குடிபெயர்கிறவருக்கு இதிலுள்ள பாடம் நேரடியானது. டெக்சஸிலிருந்து நியூ ஜெர்சிவரை காரில் போனால் வழியில் இரண்டு இரவாவது மோட்டலில் தங்க நேரும். அந்த இரவுகளைக் கட்டுப்பாடு குறைந்த மாநிலங்களில் முடித்துவிட்டு, கட்டுப்பாடு கூடிய மாநிலங்களைப் பகலில் நிற்காமல் கடப்பதே விவேகம்.

6. வந்து சேர்ந்த பின்

6.1 மாநிலங்களின் போக்கு

பெரும்பாலான மாநிலங்கள் புதிதாகக் குடியேறுகிறவரிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்கும் மாநிலங்களின் கெடுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. ஹவாயில் ஆளோ துப்பாக்கியோ, எது பிந்தி வருகிறதோ அதிலிருந்து ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும். கலிஃபோர்னியாவில் அறுபது நாளுக்குள் மாநில நீதித்துறைக்குப் புதுக் குடியிருப்பாளர் அறிக்கை அனுப்ப வேண்டும். 2014 முதல் நீளத் துப்பாக்கிகளும் அதில் அடக்கம். நியூ ஜெர்சி, 2022 இல் இயற்றிய சட்டத்தால், வெளிமாநிலத்தில் வாங்கியவற்றை அறுபது நாளுக்குள் பதியச் சொல்கிறது. மேரிலாந்தில் ‘ஒழுங்குபடுத்தப்பட்ட துப்பாக்கி’ என்று ஒரு சட்ட வகையே உண்டு. கைத்துப்பாக்கிகள் அதற்குள் வருகின்றன. தொண்ணூறு நாளுக்குள் மாநிலக் காவல்துறையில் பதிய வேண்டும்.

நியூயார்க் வேறு வகை. அங்கே கைத்துப்பாக்கிக்கு உரிமம் முதலில், உடைமை பிறகு. குடியேறுகிறவருக்குக் கருணைக் காலம் என்று ஒன்றில்லை. நியூயார்க் நகரமோ ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் தனி அனுமதி கேட்கிறது. மாநில உரிமம் வைத்திருப்பவர்கூட நகர எல்லைக்குள் தனி ஒப்புதல் பெற வேண்டும். ஆக, ஆல்பனியில் வீடு பார்ப்பதும் புரூக்ளினில் வீடு பார்ப்பதும் துப்பாக்கிக்காரருக்கு ஒன்றல்ல.

கெடு என்ற பெயரிலேயே இரு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. மேரிலாந்தின் தொண்ணூறு நாள் பதிந்துகொள்வதற்கானது. கனெக்டிகட்டும் தொண்ணூறு நாள் தருகிறது. ஆனால் தாக்குதல் ரகத் துப்பாக்கியோடு வந்தவர் அதற்குள் அதை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்ய வேண்டும், அல்லது உரிமம் பெற்ற வியாபாரிக்கு விற்க வேண்டும், அல்லது மாநிலத்தை விட்டு வெளியேற்ற வேண்டும். எண் ஒன்று, விளைவு நேர் எதிர். கலிஃபோர்னியாவின் அறுபது நாளும் அனுமதிக்கப்பட்ட துப்பாக்கிக்கு மட்டுமே. 1989 முதல் கட்டுப்பாட்டிலுள்ள தாக்குதல் ரகத்தைக் கொண்டுவந்துவிட்டு ஐம்பதாவது நாள் அறிக்கை அனுப்பினால், அது தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுத்ததாகும். வேடிக்கை என்னவென்றால், கலிஃபோர்னியக் கடையில் விற்கக் கூடாத பல கைத்துப்பாக்கி மாதிரிகளைப் புதிதாகக் குடியேறுகிறவர் தாராளமாகக் கொண்டுவரலாம். விற்பனைப் பட்டியல் கடைக்காரரைத்தான் கட்டுப்படுத்துகிறது.

இன்னொரு சிறு கண்ணி: வாங்கும் நாள். வேறு மாநிலத்தில் குடியமர்ந்தபின் பழைய ஊருக்குப் போய் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வருவது கூட்டாட்சிக் குற்றம். குடியிருப்பு என்பதற்குக் குடும்ப அட்டை போன்ற அளவுகோல் எதுவும் இல்லை. அங்கேயே வாழும் எண்ணத்தோடு அங்கே இருப்பதுதான் அளவுகோல். ராணுவத்தினருக்கு மட்டும் நிரந்தரப் பணியிடம் உள்ள மாநிலமும் குடியிருப்பாகக் கருதப்படும்.

6.2 மாற்றத்தின் நடுவே பிடிபட்டவர்

நியூ ஜெர்சிச் சட்டம் வீட்டுக்குள் துப்பாக்கி வைத்திருக்க அனுமதிக்கிறது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றும்போது கொண்டுபோகவும் அனுமதிக்கிறது. இந்த விலக்கை எவ்வளவு குறுகலாகப் படிக்க முடியும் என்பதை 2009 இல் கொலராடோவிலிருந்து அங்கே வந்த ஓர் இளைஞரின் வழக்கு காட்டியது. கொலராடோவில் முறைப்படி வாங்கிய கைத்துப்பாக்கிகள் அவருடைய கார் டிக்கியில், மற்ற வீட்டுச் சாமான்களோடு இருந்தன. மகனின் மனநிலையைப் பற்றிக் கவலைப்பட்ட தாய் அவசர உதவி எண்ணை அழைத்துவிட்டு, பேசாமலே வைத்துவிட்டார். அழைப்பைத் தேடி வந்த காவலர்கள் மகனை வரவழைத்தார்கள், காரைச் சோதித்தார்கள்.

விசாரணையில், வீடு மாறிக்கொண்டிருந்தேன் என்பது அவருடைய வாதம். ஜூரி உறுப்பினர்கள் அந்த விலக்கைப் பற்றி விளக்கும்படி ஒருமுறைக்கு மேல் கேட்டும் நீதிபதி அதை அவர்கள் முன் வைக்க மறுத்தார். 2010 ஆகஸ்டில் ஏழாண்டுச் சிறை. அந்த டிசம்பரிலேயே ஆளுநர் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்து விடுவித்தார். 2012 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் துப்பாக்கி வைத்திருந்த குற்றத் தீர்ப்பை நீக்கியது. குழிமுனைத் தோட்டா வைத்திருந்த குற்றத்தை மட்டும் நிலைநிறுத்தியது.

சட்டத்தில் எழுதியிருக்கும் விலக்கு, அதை நிரூபிக்கும் சுமையோடு சேர்ந்தே வருகிறது என்பதே இவ்வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. வீட்டு வாடகை ஒப்பந்தம், லாரி வாடகை ரசீது, நாள் குறித்த சாமான் பட்டியல் ஆகியவை இல்லாமல் ‘வீடு மாறுகிறேன்’ என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு நேராகப் போக வேண்டும். நண்பர் வீட்டில் இரண்டு வாரம், அம்மா வீட்டில் ஒரு மாதம் என்று கார் டிக்கியில் துப்பாக்கியோடு சுற்றக் கூடாது.

7. மேகசினும் தோட்டாவும்

துப்பாக்கிக்கு வரிசை எண் உண்டு. மேகசினுக்குப் பெரும்பாலும் எதுவும் இல்லை. அதனாலேயே அது மறந்துபோகிறது. நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, நியூயார்க் மாநிலங்களில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை வைத்திருப்பதே தடை. மேரிலாந்தில் விற்பதும் வாங்குவதும் கைமாற்றுவதும் தடை, வைத்திருப்பது தடையில்லை. கடைகளில் விற்கும் சாதாரண ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்றோடு பெட்டியிலேயே பதினைந்து அல்லது பதினேழு தோட்டா மேகசின் வருகிறது. துப்பாக்கி அனுமதிக்கப்பட்டது, அதன் வயிற்றிலுள்ள பொருள் தடைசெய்யப்பட்டது என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது.

கலிஃபோர்னியாவில் 2019 மார்ச் 29 அன்று ஒரு மாவட்ட நீதிபதி மேகசின் தடையை நீக்கினார். ஏப்ரல் 5 அன்று அவரே தன் உத்தரவை நிறுத்திவைத்தார். இடைப்பட்ட ஒரு வாரத்தில் வாங்கியவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, பிறகு அரிசோனாவிலிருந்து குடிபெயர்ந்து வருகிறவருக்குக் கிடையாது.

8. விசாவில் இருப்பவர்கள்

தமிழ் வாசகருக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி இது. டெக்சஸிலிருந்து நியூ ஜெர்சிக்கும், அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கும் வேலை நிமித்தம் மாறுகிற நம்மவர்களில் பலர் எச்-1பி விசாவில் இருப்பவர்கள். குடியேற்றமல்லாத விசாவில் உள்ளவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டமே தடை செய்கிறது. முக்கியமான விலக்கு, ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அந்த உரிமம் காலாவதியான நாளில் விலக்கும் காலாவதியாகிறது. வீடு மாறும் அவசரத்தில் புதுப்பிக்க மறந்தவர் தெரியாமலே தடைக்குள் விழுகிறார். விசாவில் இருக்கும் ஒருவருக்கு இதன் விளைவு சிறையோடு நிற்காமல் நாடுகடத்தல்வரை போகலாம். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் மட்டும் மற்றவர்களைப் போலவே.

9. விட்டுச் செல்வதும் திருத்துவதும்

சேருமிடத்தில் தடையென்றால் விற்பதுதான் சுத்தமான வழி. விற்க மனமில்லாதவருக்கு ஏ.டி.எஃப். காட்டும் வழி ஒன்று இருக்கிறது. பதிவுக்குட்பட்ட ஆயுதத்தைப் பழைய மாநிலத்திலேயே வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாம். அல்லது நண்பர், உறவினர் வீட்டில் பூட்டிய அறையிலோ பெட்டியிலோ வைக்கலாம். சாவி பதிவு பெற்ற உரிமையாளரிடம் மட்டுமே இருக்க வேண்டும். பதிவுப் படிவத்தின் நகலும், இங்கே வைக்க நான்தான் சொன்னேன் என்ற கடிதமும் அந்த வீட்டாரிடம் இருக்க வேண்டும். மைத்துனரிடம் சாவியைக் கொடுத்து ‘வேண்டும்போது எடுத்துச் சுட்டுக்கோ’ என்றால், அது பதிவில்லாமல் கைமாற்றியதாகக் கருதப்படலாம்.

சீர்திருத்த முயற்சிகள் எங்கே போகின்றன என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 198 என்ற கணக்கில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. அது நிறைவேறியிருந்தாலும் குடிபெயர்கிறவருக்குப் பெரிய பலன் இருந்திருக்காது. அவருடைய சிக்கல் உடைமையிலும் பதிவிலும் தடைப்பட்டியலிலும் இருக்கிறது. தேவைப்படுவது இன்னும் சிறிய திருத்தம். வேறு மாநிலத்தில் முறைப்படி பெற்ற துப்பாக்கியோடு குடியேறுகிறவருக்கு, பூட்டி வைத்திருக்கும் பட்சத்தில், பதியவோ விற்கவோ வெளியேற்றவோ எல்லா மாநிலங்களிலும் ஒரே அளவான கருணைக் காலம் தர வேண்டும். கட்டுப்பாட்டை விரும்பும் மாநிலம் தன் தடையை இழக்காது. காகிதம் ஒழுங்காக வைத்திருப்பவர் முதல் நாளே குற்றவாளியும் ஆகமாட்டார். இரு கட்சியினரும் எளிதில் ஒத்துக்கொள்ளக்கூடிய இதை யாரும் கையிலெடுக்காததற்குக் காரணம், இதில் தேர்தல் முழக்கம் எதுவும் கிடைக்காது என்பதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தத் திருத்தம் வரும்வரை, வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே சேருமிட மாநிலத்தில் துப்பாக்கிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். போகும்போது துப்பாக்கிகளின் மாதிரி, வரிசை எண், குழல் நீளம், மேகசின் கொள்ளளவு, தோட்டா வகை எல்லாம் எழுதிய பட்டியலைக் கையோடு கொண்டு போங்கள்.